மெழுகில் மிச்சமில்லை

ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் மூத்தவருக்கு 'இன்னொண்ணு' என்று பெயர் வைத்தவளே நான்தான். நோயாளியின் சதைத் துணுக்கை மெழுகுக் கட்டியில் பதித்து, இயந்திரக் கத்தியால் சவ்வு போலச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றுவது எங்கள் வேலை. சீவலில் ஒரு சுருக்கம் விழுந்தால் போதும், மனிதர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு "இன்னொண்ணு" என்பார். இருபத்திரண்டு வருடமாக இதே கூத்து. தலைமை மருத்துவர் அவர் தகடுகளைப் பார்த்துச் சொக்கிப் போவார். எனக்கு எரிச்சலாக வரும்.

அவர் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தங்கையைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார், அவள் வீட்டு மாடியறையிலேயே தங்கிக்கொண்டார். அந்தத் தங்கையின் கணவருக்குத்தான் ஈரலில் கட்டி. ஊசி விட்டு எடுத்த துணுக்கு, நூல் கனத்தில் இரண்டே இரண்டு, எங்களிடம் வந்தது. சொந்தக்காரர்களின் துணுக்கை நாங்கள் தொடக் கூடாது என்பது விதி. அதனால் அது என் மேசைக்கு வந்தது.

"குடும்மா, நானே வெட்டிடறேன். மாப்பிள்ளை விஷயத்துல வேற யாரையும் நம்ப மனசு வரல."

"விதி தெரியுமில்ல?"

"பதிவேட்டுல உன் பேரே இருக்கட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

கொடுத்துத் தொலைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்றும் 'இன்னொண்ணு, இன்னொண்ணு' என்று சீவிக்கொண்டே போனார். சுருக்கம், கீறல், மடிப்பு என்று சீவல் சீவலாகக் குப்பைக்குப் போனது. மதியம் ஆறு தகடுகள் வந்தன, பளிங்கு மாதிரி. தலைமை மருத்துவர் பார்த்ததுமே சொல்லிவிட்டார், ஈரலுக்குள் பித்தக்குழாயில் முளைத்த புற்று என்று. இந்த வகையில் சிலருக்குக் குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருக்கும். இருந்தால் அதற்கென்றே மாத்திரை உண்டு, சாவைக் கொஞ்ச காலமாவது தள்ளிப் போடலாம்.

"மெழுகுல மிச்சமிருக்கிற துணுக்க மரபணுச் சோதனைக்கு அனுப்புங்க" என்றார்.

துணுக்கு முழுக்கச் சீவித் தீர்ந்து, கட்டியில் வெறும் மெழுகுதான் இருந்தது. தகடுகளிலிருந்து சுரண்டியும் போதவில்லை. மறுபடி ஊசி விடவும் வழியில்லை. வயிறு முழுக்க நீர், இரத்தம் உறையவில்லை. அந்த மாற்றத்தை இரத்தத்தில் தேடினார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. மாற்றம் இருந்ததா இல்லையா என்பதே தெரியாமல் ஏழு வாரத்தில் மாப்பிள்ளை போய்விட்டார். துணுக்கை வீணடித்ததாக, பதிவேட்டைப் பார்த்து எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வெட்டியவர் வாயைத் திறந்து ஒப்புக்கொள்வார் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை, கல்லுளிமங்கன்.

இரண்டு வாரம் கழித்து, கணவரின் மருத்துவத் தாள்களை வாங்கத் தங்கை வந்தாள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் அவர் நின்றார். நேராக என் மேசைக்கு வந்தாள்.

"நீதானே வெட்டினது? உன் கை விளங்காமப் போக. எம் புருஷன் உசிரு உனக்கு விளையாட்டாப் போச்சா?"

அவரைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆத்திரம் பொங்கிச் சொல்லியே விட்டேன்.

"வெட்டினது உங்க அண்ணன்தாம்மா. அவரையே கேளுங்க."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்கண்ணன் கை பட்டிருந்தா எம் புருஷன் இன்னைக்கு உசிரோட இருப்பாரு. போயும் போயும் அண்ணன் மேலயே பழி போடறியே, நீயெல்லாம் பொம்பளையா?"

அவர் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"வாம்மா, போலாம்" என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.