ஆளில்லாத கோயிலில் எரிந்த சிவப்பு விளக்கு

பிள்ளையைக் காணவில்லை.

இந்த இரண்டு சொற்களை ஒரு சனிக்கிழமை பின்னேரம் என் வாயாலேயே சொல்ல வேண்டி வந்தது. காணாமல் போனது என் பொறுப்பில் இருந்த பிள்ளை. அன்பான சகோதரங்களே, ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நவம்பர், மரித்தோருக்காக நாங்கள் மன்றாடும் மாதம். நோர்பரிப் பக்கம் எங்கள் பங்குக் கோயிலோடு ஒட்டிய மண்டபத்தில், சனிக்கிழமைகளில் ஒரு சந்திப்பு நிலையம் நடந்தது. பிரிந்துபோன தாய் தகப்பன்மாரின் வழக்கு நீதிமன்றத்தில் இருக்கும்போது, பிள்ளையைத் தன்னோடு வைத்திராதவர் அங்கே வந்து பிள்ளையைப் பார்க்கலாம். நாங்கள் தொண்டர்கள். தேத்தண்ணி ஊற்றுவோம், விளையாட்டுச் சாமான்களைப் பரப்புவோம், பிள்ளைகள்மேல் கண் வைத்திருப்போம். தமிழ்ப் பிள்ளை என்றால் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும் வெல்பெயர் ஒபிசர் வரும்போது பக்கத்தில் இருந்து, அந்தப் பிள்ளைக்காகப் பேச வேண்டும்.

நான் மன்னாரிலிருந்து எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்தவள். ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவள். பூசை நேரத்திலும் என் கால் ஆடிக்கொண்டிருக்கும். மனம் பஸ் ஏறிப் போய்விடும். செபம் என்றால் எனக்கு ஆண்டவருக்கு வேலை சொல்வதுதான். இதைச் செய்யும், அதைத் தாரும், கெதியாய்த் தாரும்.

அந்தப் பிள்ளையை அனிற்றா என்று சொல்கிறேன். எல்லாருடைய பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். வயது எட்டு. தாய் றெஜினாவோடு இருந்தாள். தகப்பன் தாசன் நகரத்தின் மறு அந்தத்தில், ஆற்றுக்கு அப்பால், செவன் கிங்ஸில் தமக்கை வீட்டில் இருந்தான். அவன் பிள்ளையைக் கனடாவுக்குக் கொண்டு போய்விடுவான் என்று றெஜினாவுக்குப் பயம். அதனால் எங்கள் மண்டபத்தில் மட்டும் பார்க்கலாம் என்று உத்தரவு. அடுத்த விசாரணையில் அதுவும் நின்றுபோகக்கூடும் என்ற நிலை. பிள்ளையின் மனதையும் கேட்டறிய வேண்டும் என்று புதிய சட்டம் வந்திருந்த காலம் அது. ஒபிசர் அம்மா தன்மையாகத்தான் கேட்டார். ஆனால் அப்பாவின் பேச்சை எடுத்தாலே அனிற்றா வாயை மூடிக்கொண்டு தன் சப்பாத்து நுனியைப் பார்ப்பாள். தகப்பனுக்குப் பயந்த பிள்ளை என்று அறிக்கை போகப்போகிறது என்பது எனக்கு விளங்கியது.

அன்றைக்குத் தாசன் தனியாக வரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வான் நிறைய வந்தார்கள். எங்கள் ஆட்கள் பிள்ளை பார்க்கப் போவது அப்படித்தானே. தமக்கை பிலோமினா கையில் பற்றிஸ் பலகாரப் பெட்டியோடு முன்னுக்கு வந்தாள். நிலையத்தை நடத்திய ஐரிஷ் மனுசி மார்கரெட் கதவில் மறித்தார். தகப்பன் மட்டும் உள்ளே வரலாம்.

"தனிய விட இதென்ன ஆசுப்பத்திரியோ?" என்றாள் பிலோமினா என்னைப் பார்த்து. "இவள் பிறக்கேக்கை ஆசுப்பத்திரியிலையும் மறிச்சவைதான். அங்கையும் நாங்கள் எல்லாரும் போனனாங்கள்."

நான் மொழிபெயர்த்தேன். மார்கரெட் சிரித்துவிட்டார். சிரித்தவரால் பிறகு மறிக்க முடியவில்லை. பிலோமினாவை மட்டும் விட்டார். வானை ஓட்டி வந்த பிலோமினாவின் புருசனும் மற்றவர்களும் வானுக்குத் திரும்பினார்கள்.

பிலோமினா பிள்ளையை மடியில் இழுத்து இருத்தினாள். பிள்ளை பேசத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் வீடுகளில் விளையாட்டாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"சொல்லு பாப்பம் குஞ்சு, ஆரிலை கூட விருப்பம்? அம்மாவிலையோ, அப்பாவிலையோ?"

"பெரியக்கா, விடுங்கோ," என்றான் தாசன்.

"நீ சும்மா இரடா. பிள்ளை மாமிக்குச் சொல்லுவாள். என்னம்மா? காதுக்கை சொல்லன்."

எனக்கு அது காதில் விழுந்தது. விழுந்தும், பழகிய பாட்டுப்போலக் கடந்து போய்விட்டது. அடுத்த மேசையில் ஒரு குழந்தை விழுந்து அழ, தூக்கப் போனேன். தாசனும் தமக்கையும் தங்களுக்குள் ஏதோ வாக்குவாதப்பட்டார்கள். நான் திரும்பி வந்தபோது அனிற்றா மடியிலும் இல்லை, கதிரையிலும் இல்லை.

கழிப்பறையில் இல்லை. குசினியில் இல்லை. மேடைத் திரைக்குப் பின்னால் இல்லை. வெளியே ஓடினேன். மழைத் தூறல். வான் நின்ற இடத்தில் வானும் இல்லை.

உள்ளே வந்து, பிள்ளையைக் காணவில்லை என்றேன். பிள்ளையும் இல்லை, வானும் இல்லை. அதற்கு ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும் என்று எல்லாருடைய முகமும் சொன்னது.

"பொலிசுக்கு ரெலிபோன் அடிக்கப்போகிறேன்," என்றார் மார்கரெட். அதுதான் விதி. பொலிஸ் வந்தால் தாசன் இனிப் பிள்ளையைக் காணமாட்டான். அதுவும் எல்லாருக்கும் தெரியும்.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது," என்றான் தாசன் என்னைப் பார்த்து. அவன் உதடு வெள்ளையாகப் போயிருந்தது. "அத்தானிட்டை நான் ஒண்டும் சொல்லேல்லை."

அந்த நேரம் பார்த்து றெஜினா பிள்ளையைக் கூட்டிப்போக உள்ளே வந்தாள்.

"எங்கை என்ரை பிள்ளை? எங்கையடா அனுப்பினனீ?"

அந்தச் சத்தம் இன்றைக்கும் என் எலும்பில் இருக்கிறது. நான் பக்கக் கதவைத் தள்ளிக் கோயிலுக்குள் ஓடினேன். தேடிப் போனேன் என்று பொய் சொல்லமாட்டேன். விழ ஒரு இடம் தேவைப்பட்டது. கடைசி வரிசை வாங்கில் முழந்தாளிட்டேன். கேட்க வாய் வரவில்லை. தாய் பக்கம் நின்று கேட்பதா, தகப்பன் பக்கம் நின்று கேட்பதா? முதன்முறையாக ஆண்டவருக்கு நான் வேலை சொல்லவில்லை. "உமக்குத் தெரியும். உமக்குத் தெரியும்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். என் கால் ஆடவில்லை.

கண்ணைத் திறந்தேன். அரை இருட்டில் ஒரு சிவப்பு வெளிச்சம். நற்கருணை விளக்கு என்றுதான் நினைத்தேன். ஆனால் அது பீடத்தில் இல்லை. சுவரோரம், பாதரிடம் பாவத்தைச் சொல்லும் மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மேல் எரிந்தது.

எங்கள் கோயிலில் அந்தத் தொட்டிக்குள் யாராவது முழந்தாளிட்டால் பலகை அழுந்தி வெளியே சிவப்பு பல்பு எரியும். பாதர் பின்னேரம் பிந்தித்தான் வருவார். கோயிலில் என்னைத் தவிர ஒருவரும் தெரியவில்லை.

மெல்லப் போய்த் திரைக்கு வெளியே நிலத்தில் இருந்தேன்.

"பாதர் வந்திட்டாரோ?" உள்ளிருந்து சின்னக் குரல்.

"இல்லையம்மா. நான் அன்ரி."

"அன்ரி, பாதருக்குச் சொன்னா அவர் ஒருத்தருக்கும் சொல்லமாட்டார் எண்டு ரீச்சர் சொன்னவ. நான் பொய் சொல்லிப்போட்டன்."

"என்ன பொய் குஞ்சு?"

"அம்மா கேட்டா அம்மாவிலை கூட விருப்பம் எண்டு சொல்லுவன். அப்பா கேட்டா அப்பாவிலை எண்டு சொல்லுவன். அந்த லேடி கேக்கேக்கை என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. பேசாம இருந்தா பொய் இல்லைத்தானே?"

நான் நெற்றியை அந்தப் பலகையில் வைத்துக்கொண்டேன். அறிக்கையில் பயம் என்று எழுதப்படவிருந்த மௌனம் இதுதான். பொய் சொல்லாமல் இருக்க ஒரு பிள்ளை தேடிப்பிடித்த ஒரே வழி.

"இதை அந்த லேடிக்கு நான் சொல்லலாமோ?"

யோசித்தாள். "ஓம். லேடிக்கு மட்டும். இனிக் கேக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

அவள் எழும்பினாள். விளக்கு அணைந்தது.

மண்டபத்தில் மார்கரெட்டின் கையில் ரிசீவர். வாசலில் வான் திரும்பி வந்திருந்தது. வாகனம் நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் நிற்பாட்டியதற்கு ரஃபிக் வோர்டன் துரத்த, பிலோமினாவின் புருசன் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். எங்களைக் கண்டதும் மார்கரெட் ரிசீவரை வைத்தார். றெஜினா ஒரு பக்கம் கையை நீட்டினாள். தாசன் மறுபக்கம் நீட்டினான். என் கைக்குள் அனிற்றாவின் விரல்கள் இறுகின. அதே கேள்வி, இந்தமுறை சொல் இல்லாமல்.

"ஒருத்தரும் கூப்பிடாதேங்கோ!" என்று கத்தினேன். கோயில் மண்டபத்தில் நான் அப்படிக் கத்தியதே இல்லை. "கையைக் கீழை விடுங்கோ, ரெண்டு பேரும்."

கைகள் இறங்கின. அனிற்றா யாரிடமும் போகவில்லை. மேசைக்குப் போய், பெட்டியைத் திறந்து, ஒரு பற்றிஸ் எடுத்துக் கடித்தாள்.

"பசிக்குது," என்றாள்.

பிலோமினாதான் முதலில் அழுதாள்.

அடுத்த கிழமை ஒபிசரிடம் போனேன். பிள்ளை அனுமதித்ததை மட்டும், அவள் சொன்னபடியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். விசாரணை நாளில் நான் வெளியே நடைபாதையில் இருந்தேன். "உமக்குத் தெரியும்" என்பதைத் தவிர வேறு செபம் இல்லை. தாசன் வெளியே வந்தான். "தாயோடைதான் இருப்பாள் அக்கா. எனக்குச் சனிக்கிழமையள். கொஞ்ச நாளைக்கு மண்டபத்திலை, பிறகு வெளியாலையும் கூட்டிக்கொண்டு போகலாமாம். இனி ஒருத்தரும் பிள்ளையிட்டை அதைக் கேக்கக் கூடாதாம். நீதிபதி எங்கள் ரெண்டு பேரையும் பாத்துத்தான் சொன்னவர்."

அந்த இரண்டு பேரும் மறுபடி சேரவில்லை. நான் ஆண்டவரிடம் அதைக் கேட்கவும் இல்லை.

இப்போது அனிற்றாவுக்கு வயது பதினைந்து. இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்கோ அன்ரி. ஆனா என்னைப் புனிதை ஆக்கிப்போடாதேங்கோ," என்றாள்.

கலியாண வீடுகளில் யாராவது ஒரு பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி அந்தக் கேள்வியைக் கேட்டால், நான் இடையில் புகுந்துவிடுகிறேன். எனக்கு விசர் என்கிறார்கள். இருக்கட்டும்.

சகோதரங்களே, உங்கள் வீட்டிலும் ஏதாவது காணாமல் போயிருக்கும். போய் முழந்தாளிடுங்கள். பதிலையும் நீங்களே எழுதிக்கொண்டு போகாதீர்கள். வெறுங்கையோடு போங்கள். உங்களுக்கு முன்னே அங்கே யாரோ முழந்தாளில் இருப்பார்கள். விளக்கு எரியும்.