திங்கட்கிழமை எடை

"எடை போட்டுட்டுக் குடிக்கிறேன் மேடம். ரெண்டே நிமிஷம்."

சொன்னவர் ஸ்டெல்லா டீச்சர். நெற்றியில் வியர்வை கொட்டியது, கை நடுங்கியது. நான் நீட்டிய சர்க்கரைத் தண்ணீரை வாங்காமல், எடை மெஷினுக்கு முன்னால் நின்ற வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர். சுகர் இறங்கிப்போய் நிற்கிற நேரத்தில், அந்தத் தண்ணீர் எடையைக் கூட்டிவிடுமே என்றுதான் அவருக்குக் கவலை. எனக்கு வந்த கோபத்தில் தம்ளரை அவர் வாயிலேயே வைத்துவிட்டேன். குடித்தார்.

சேலையூர் பக்கம் ஒரு லேடீஸ் ஜிம்மில் நெடுங்காலம் டிரெய்னராக இருந்தேன். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பெண்களுக்காக எழுதுகிறேன்.

1. வாசலில் மெஷின்

எங்கள் ஓனர் பாஸ்கர் சார் ஒருநாள் டிஜிட்டல் எடை மெஷின் ஒன்றை வாசலிலேயே வைத்தார். பக்கத்தில் ஒரு ஒயிட் போர்டு. திங்கட்கிழமை காலை எல்லோரும் ஏற வேண்டும். குறைந்தவர் பெயர் போர்டில் வரும், கைதட்டலும் உண்டு.

அன்றோடு என் திங்கட்கிழமைகள் பாழ். வளையலைக் கழற்றுவார்கள். தாலிச் செயினில் கை வைத்துவிட்டு, மனசு கேட்காமல் விட்டுவிடுவார்கள். தலைக் கிளிப்பைக்கூட என்னிடம் கொடுத்து வைப்பார்கள். ஞாயிறு மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்தி, காலையில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் வந்து நிற்பார்கள். ஏறி இறங்கியதும் நேரே கீழே டிபன் கடையில் நெய்ப் பொங்கல். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

2. ஒருசந்தி

ஸ்டெல்லா டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். "உடம்புல தெம்பு ஏத்திக்கிட்டு வாங்க, சுகர் தன்னால அடங்கும்" என்று டாக்டர் அனுப்பியிருந்தார். வந்த புதிதில் ஸ்குவாட்டில் உட்கார்ந்து எழச் சுவரைப் பிடிப்பார். கொஞ்ச நாளில் பிடிக்காமலே எழுந்தார். இடுப்பில் சுடிதார் தளர்ந்தது. மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் தூங்கி விழுவது நின்றதாக அவரே சொன்னார். மெஷின் மட்டும் அசையவில்லை.

"நான் என்ன பாவம் பண்ணேன் மேடம்?"

"டீச்சர், தசை ஏறுது, கொழுப்பு இறங்குது. இடுப்ப அளந்த டேப்பப் பாருங்க."

டேப்பை நான் இழுத்துப் பிடிக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம்.

அப்போதுதான் தவக்காலம் வந்தது. கத்தோலிக்க வீடுகளில் ஒருசந்தி இருப்பார்கள். அன்றைக்கு ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. டீச்சர் அதைத் தினமும் பிடித்தார். பக்திக்கு யார் குறுக்கே நிற்பார்கள்? வீட்டில் பெருமைப்பட்டார்கள். எடை மளமளவென்று இறங்கியது. போர்டில் பெயர் ஏறியது.

"டீச்சர் போட்டோவ ஃப்ளெக்ஸ்ல போட்டுடலாம்" என்றார் பாஸ்கர் சார்.

"திரும்பவும் சுவத்தப் பிடிக்கிறாங்க சார். சின்ன டம்பெல்கூடத் தூக்க முடியல. தசைதான் கரையுது."

"வுடும்மா. வெயிட்டு இறங்குதுல்ல? அதுக்குத்தான வராங்க."

3. அந்தத் திங்கட்கிழமை

சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போய், முகத்தில் களை திரும்பிய பிறகு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உடம்புக்கு முடியாதவங்க ஒருசந்தி இருக்க வேணாம்னு உங்க கோயில்லயே சொல்வாங்களே?" என்று கேட்டேன்.

"ஃபாதர் வேணாம்னுதான் சொன்னாரு." துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "சாமிக்காக இல்ல மேடம். இந்த போர்டுக்காக இருந்தேன். வீட்டுல சாமி பேரைச் சொல்லிட்டேன்."

எனக்குப் பகீரென்றது. மெஷினைத் தூக்கி ஸ்டோர் ரூமில் போட்டேன். பாஸ்கர் சார் சத்தம் போட்டார். அடுத்த திங்களே அது வாசலுக்குத் திரும்பிவிட்டது. எத்தனை பேரோடு சண்டை போடுவது?

டாக்டர் திட்டி அனுப்பியதில் டீச்சர் மூன்று வேளையும் சாப்பிட ஆரம்பித்தார். ஈஸ்டர் போய்ச் சில வாரங்கள் கழித்து, எடை கொஞ்சம் ஏறியிருந்த ஒரு நாளில், சுவரைத் தொடாமல் உட்கார்ந்து எழுந்தார். எழுந்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஒருத்தி மட்டும் கைதட்டினேன். எடை வரிசையில் நின்ற அக்கா ஒருவர் ஆவலாகத் திரும்பி, "எத்தினி கிலோ குறைஞ்சாங்க?" என்று கேட்டார்.

இனிமேல் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

உங்களுக்கு இருக்கும். வயது இருக்கிறது. அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எடை குறைந்துவிட்டது என்று ஒரு பெண் சந்தோஷமாக வந்து நின்றால், கைதட்டுவதற்கு முன்னால், சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.