நான் அளந்து காட்டிய கல்லறை

ஒரு குழந்தையின் கல்லறையை நான் திருடிக்கொண்டேன். அந்தக் குழந்தையைப் பெற்றவள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. இன்னும் உயிரோடு இருக்கிறாள். இன்று காலையிலும் வாசலில் உட்கார்ந்தபடி, "சாப்ட்டியாய்யா?" என்று என்னைக் கேட்டாள்.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோபப்பட்டேன், ஞாயிறு பூசைக்குப் போகவில்லை என்று சில்லறைப் பாவங்களை ஒப்பித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். ஏன் என்று கேட்கிறீர்களா? உண்மையைச் சொன்னால் அவர் மன்னிப்பார். மன்னித்துவிட்டு, "அவளிடம் போய்ச் சொல், எடுத்ததைத் திருப்பிக் கொடு" என்பார். எனக்கு அதற்குத்தான் பயம். உங்களால் என்னை அப்படி அனுப்ப முடியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். பாருங்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதுகூட எனக்குத் தோதான ஆளாகப் பார்த்துத்தான் பிடிக்கிறேன்!

எங்கள் ஊர் ஏரலுக்கு மேற்கே ஆற்றங்கரையில் இருக்கிறது. வேதக்காரர்கள் என்று ஊர் சொல்லும் எங்களைப் போன்ற கிறிஸ்தவர்கள் கொஞ்சம் குடும்பங்கள்தான். கல்லறைத் தோட்டம் ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலம். வசதி உள்ளவர்கள் சிமென்டில் கட்டுவார்கள். மற்றவர்களுக்கு ஒரு மண்மேடும் ஒரு மரச்சிலுவையும்தான். வாழைத்தார் வியாபாரம் செய்த என் அப்பா ஒரு கோடையில் இறந்தபோது அவருக்கும் அதுவே கிடைத்தது. மழை முடிந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்றிருந்தோம்.

அந்த மழையில்தான் பெருவெள்ளம் வந்தது. ஆறு இறங்கிய பிறகு போய்ப் பார்த்தால் கல்லறைத் தோட்டத்தில் மேடும் இல்லை, சிலுவையும் இல்லை. சில இடங்களில் வண்டல் மூடிக் கிடந்தது. சில இடங்களில் மண்ணையே வழித்துக்கொண்டு போயிருந்தது. நடுவில் நின்ற பெரிய கற்சிலுவையும் ஓரத்து வேப்பமரமும்தான் பழைய இடத்தில் இருந்தன.

அடுத்த அக்டோபர் வந்தது. எங்களுக்கு அது செபமாலை மாதம். தினம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வோம். முடிந்ததும் அந்த வீட்டுக்காரர்கள் சுண்டலும் கருப்பட்டிக் காப்பியும் கொடுப்பார்கள். மாதம் முடிந்தவுடன் கல்லறைத் திருநாள். ஆளாளுக்குச் சுண்ணாம்பு வாளியோடு புறப்படுவார்கள். எங்கள் வீட்டில் செபமாலை முடிந்து எல்லாரும் போனபின் அம்மா மட்டும் எழுந்திருக்காமல் அழுவாள்.

"ஊர்ல அவிய அவிய கல்லறைக்கு வெள்ளையடிக்குதாவ. நான் எங்கனலே போய் மெழுகுவத்தி ஏத்த? நீ மூத்த பிள்ள. மொத மண்ணு போட்டவன் நீதான? ஒனக்குத் தெரியாமலா இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை. அடக்கத்தன்று குனிந்து ஒரு பிடி மண் போட்டேன், நிமிர்ந்தேன், வீட்டுக்கு வந்தேன். எந்த இடம் என்று யார் குறித்து வைப்பார்கள்? ஆனால் நான் குறித்து வைத்திருக்க வேண்டியவன். ஏனென்றால் என் வேலையே அதுதான். நான் சர்வேயர். ஊரார் வரப்புத் தகராறுகளை எல்லாம் சங்கிலி பிடித்து அளந்து தீர்த்து வைப்பவன். அப்பனைப் புதைத்த இடம் தெரியாத சர்வேயர் என்று ஊர் சிரிக்காதா...

ஒரு சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு அம்மாவோடு போனேன். கற்சிலுவையிலிருந்து வேப்பமரத்தை நோக்கி அளந்தேன். பிறகு பக்கவாட்டில் அளந்தேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒரு தாளில் ஏதோ கணக்குப் போட்டேன். எல்லாம் நாடகம்! கடைசியில் ஓர் இடத்தில் காலை ஊன்றி, "இங்கதாம்மா" என்றேன்.

அம்மா அப்படியே விழுந்து அந்த மண்ணைக் கட்டிக்கொண்டாள். நிம்மதியாக இருந்தது எனக்கு. அம்மாவின் அழுகையை நிறுத்திவிட்டேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது. பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் அக்கா. வாழைத் தோட்டங்களில் கூலி வேலை செய்கிறவள், புருஷன் இல்லாதவள். அவளுடைய ஒரே மகள் ரோஸ்லின், நடை பழகி எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்த குழந்தை, வெள்ளத்துக்கு முந்திய வருடம் காய்ச்சலில் போய்விட்டது.

"எய்யா, கோவிச்சுக்காத. இந்த எடந்தான் எம்பிள்ளைக்குன்னு எனக்கு ஒரு நெனப்பு. வேம்புக்கு நேரா நின்னு பாத்தா இப்படித்தான் தெரியும்."

அந்த நிமிடத்தில் நான் என்ன செய்திருக்கலாம்? "எனக்கும் சரியாத் தெரியலக்கா" என்று சொல்லியிருக்கலாம். அம்மா தரையில் கிடந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "இல்லக்கா. அளந்து பாத்தாச்சு" என்றேன்.



"நீ அளந்தா சரியாத்தான் இருக்கும். எனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதுவரை நடந்தது பொய் மட்டுமே. திருட்டு மறுநாள் நடந்தது.

திருநாளைக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்று கொத்தனாரைப் பிடித்து அவசரமாக வேலை தொடங்கினேன். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிக்கொண்டிருந்தவர் டீ குடிக்கப் போனார். சும்மா நிற்பானேன் என்று மண்வெட்டியை நான் வாங்கினேன். வெள்ளம் மேல்மண்ணை வழித்துவிட்ட இடம் அது. நாலு வெட்டுத்தான் வெட்டியிருப்பேன். மண்ணோடு சிவப்பாக ஏதோ வந்தது. பிளாஸ்டிக் வளையல். என் இரண்டு விரல்கள்கூட நுழையாத அளவு சின்னது. பக்கத்தில் இன்னொன்றும் மண்ணுக்குள் தெரிந்தது.

ஏரல் கடைத்தெருவில் அந்தோணியம்மாள் அக்கா ரோஸ்லினுக்கு வாங்கிவந்த வளையல்கள். அவற்றைப் போட்டுக்கொண்டு அந்தக் குழந்தை எங்கள் முற்றத்தில் ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்குக் கீழே நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், பக்கத்து வாழைத் தோட்டத்தில்தான் அவள் வேலை செய்துகொண்டிருந்தாள்! "அக்கா, நீ சொன்னதுதான் சரி" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். அம்மா மறுபடி அழுதிருப்பாள். ஊர் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும். அவ்வளவுதான்... அவ்வளவுதானே?

வளையலை இருந்த இடத்திலேயே வைத்து மண்ணைத் தள்ளி மூடினேன். கொத்தனார் திரும்பி வந்ததும், "வானம் இந்த ஆழம் போதும், கல்லைப் போடுங்க" என்றேன்.

நவம்பர் இரண்டாம் தேதி சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். சிமென்ட் கல்லறையில் அப்பாவின் பெயர் இருந்தது. அம்மா கேந்திப்பூ மாலையைப் போட்டு, அப்பாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைச் சமைத்து நாலு பேருக்குச் சோறு போட்டாள். கல்லறை இல்லாதவர்கள் கற்சிலுவையின் அடியில்தான் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அந்தோணியம்மாள் அக்கா அங்கே போய் ஒற்றை மெழுகுவத்தி ஏற்றினாள். காற்று அதை அணைத்துக்கொண்டே இருந்தது. அவள் திரும்பத் திரும்ப ஏற்றினாள்.

வருடா வருடம் இது நடந்தது. வருடா வருடம் அம்மா ஒன்று சொல்வாள். "நான் செத்தா அப்பா குழியைத் தோண்டி அதுலயே என்னையும் வைக்கணும்லே." எங்கள் ஊரில் அது வழக்கம்தான். ஆனால் ஐப்பசி மழை தொடங்கினாலே எனக்குத் தூக்கம் போய்விடும். ஆறு கலங்கி ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம், அந்தக் கல்லறை தானாகவே திறந்துகொள்ளும் என்று தோன்றும்.

ஒரு செபமாலை மாதத்தில் அம்மா போய்விட்டாள். குழி தோண்ட வந்தவரிடம், "அப்பாவத் தொந்தரவு பண்ண வேண்டாம், பக்கத்துல தோண்டுங்க" என்றேன். "அண்ணாச்சி சொன்னாச் சரி" என்றார் அவர். பெற்றவளின் கடைசி ஆசையையும் அங்கேயே புதைத்தேன். பெட்டியை இறக்கியபோது எல்லாரையும்விட அதிகமாக அழுதவள் அந்தோணியம்மாள் அக்காதான்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு முந்திய நாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள். "எய்யா, எனக்கும் வயசாவுது. சிலுவையடியில ஏத்தி ஏத்தி மனசு ஆறல. நீ டேப்பை எடுத்துக்கிட்டு வா. அப்பா எடத்தக் கண்டுபிடிச்ச மாதிரி எம்பிள்ளைக்கும் ஒரு எடம் காட்டு."

கேட்டீர்களா? இதைவிட நல்ல வாய்ப்பை ஆண்டவர் யாருக்குக் கொடுப்பார்? வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் நடந்தேன். போய்ச் சேர்ந்ததும் டேப்பை விரித்தேன். அளந்தேன். அப்பாவின் பெயர் எழுதிய கல்லறைக்குச் சற்றுத் தள்ளி, புல் முளைத்த ஒரு வெற்றிடத்தைக் காட்டி, "இதாங்க்கா" என்றேன்.

அவள் அந்தப் புல்லை முத்தமிட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இப்போது அங்கே ஒரு சின்ன மரச்சிலுவை இருக்கிறது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது? வெறும் மண்ணாக இருக்கலாம். யாரோ ஒருவராக இருக்கலாம். என் அப்பாவாகவே இருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

இந்த மழைக்காலத்தில் அவளுக்கு உடம்பு முடியவில்லை. பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்தோம், நாட்களை எண்ணச் சொல்லிவிட்டார்கள். இன்று காலையில் "சாப்ட்டியாய்யா?" என்று கேட்டாள் என்று சொன்னேன் அல்லவா, அதற்குப் பிறகு இன்னொன்றும் சொன்னாள்.

"என்னைய எம்பிள்ள குழியிலயே வைக்கச் சொல்லிருக்கேன். குழி தோண்டுதவனுக்கு எடம் தெரியாது. நீதான் கூட நின்னு காட்டணும். செய்வியா?"

"சரிக்கா" என்றேன்.