அழித்து எழுதிய ஒரு வரி

எண்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புப் போடக் கூடாது. சாரல் காலத்தில் பிள்ளைகள் நனைந்த காலுறைகளோடு வந்து உட்காருவார்கள். ஏசி அந்த நாற்றத்தையே சுற்றிச் சுற்றி வீசும். அதைவிட நாறிய காரியம் ஒன்றை அங்கே நானே செய்தேன்.

சென்னையில் படித்த தோழி இரண்டு பிளாப்பி அனுப்பியிருந்தாள். யாரோ ஒரு அமெரிக்கப் பேராசிரியர் தன் மாணவர்களுக்காக உருவாக்கிய சிறிய புரோகிராம் மொழி. சி மொழியில் அவர் எழுதிய சோர்ஸ், அதாவது மூல வரிகள் மட்டும்தான் இருந்தன. நம் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி நாமே மாற்றினால், அதாவது கம்பைல் செய்தால்தான் ஓடும். கூடவே ஒரு குறிப்பு: யாரும் பயன்படுத்தலாம், என் பெயரை மட்டும் எடுக்க வேண்டாம்.

எங்கள் டாஸ் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஒவ்வொரு ஃபைலுக்கும் பிளாப்பியை மாற்றி மாற்றிப் போட வேண்டும். அதில் ஒன்றில் பூஞ்சை பிடித்திருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். எங்கள் கம்பைலர் ஏற்காத வரிகளைத் தேடித் தேடித் திருத்தினேன். ஐந்தாம் நாள் மத்தியானம் கடைசி ஃபைலும் தேறியது. திரையில் முதல் வரியாக அவர் பெயர் வந்தது. இரண்டையும் இரண்டையும் கூட்டச் சொன்னேன், நான்கு என்றது. துள்ளி எழுந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு சென்டர் முதலாளி வந்தார்.

"யாரும்மா இந்த வெள்ளக்காரன்?"

"இத எழுதினவரு, அண்ணாச்சி."

"அத எடுத்துட்டு நம்ம சென்டர் பேரப் போடு. குத்தாலத்துல சீசன் கண்காட்சில வைப்போம்."

"எடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காரு."

"அவன் இங்கன வந்து பாக்கவா போறான்? அஞ்சு நாளா கஷ்டப்பட்டது நீதானே?"

அந்தக் கடைசிப் பேச்சு எனக்கு இனித்தது. ஒரு வரியை மாற்றி, அந்த ஒரு ஃபைலை மட்டும் மறுபடி கம்பைல் செய்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் கண்காட்சி. அருவியில் குளித்துவிட்டு எண்ணெய் மினுக்கோடு வந்தவர்கள் கீபோர்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். "நம்ம தென்காசியில பொறந்த மொழி!" என்று முதலாளி மைக்கில் முழங்கினார். கணக்கு டீச்சர் ஒருவர் என்னிடம் வந்தார்.

"நீயாம்மா எழுதின?"

"ஆமா டீச்சர்."

முதலாளி அப்போது பக்கத்தில்கூட இல்லை. டீச்சர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க ஸ்கூலுக்கு வந்து பிள்ளைககிட்ட பேசணும் நீ" என்றார். நான் பின்கட்டுக்குப் போய், குழாயடியில் வெகுநேரம் கையைக் கழுவினேன்.

அந்தப் பள்ளிக்கு நான் போகவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டேன். கிளம்பும்போது முதலாளி, "அந்த பிளாப்பி ரெண்டையும் வச்சிட்டுப் போம்மா" என்றார். தோழி எனக்கு அனுப்பியவை அவை. மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.