எங்கள் தெருவைப் புகழ்ந்த பாவம்

போன மாதம் ஒருநாள் பாளையங்கோட்டையில் ஒரு பத்திர எழுத்தரின் அறையில் உட்கார்ந்திருந்தேன். அவர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி பார்த்தேன்... எண் மாறவில்லை.

விஷயம் இதுதான். நாங்கள் பல வருடமாக வாடகைக்கு இருக்கும் தெருவிலேயே ஒரு வீடு விலைக்கு வந்தது. சொந்தக்காரர் அந்தோணி அண்ணாச்சி. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெங்களூரில் மகளோடு போய் இருந்துவிடத் தீர்மானித்திருந்தார்.

என் மனைவி கோமதி அந்த வீட்டில் பார்த்தது ஒன்றே ஒன்றுதான் — அடுக்களை. கிழக்கே பெரிய ஜன்னல். அதன் கீழே இருக்கும் மேடையை உயர்த்திக் கட்டி, அலமாரிகள் வைத்தால் போதும் என்றாள். வாடகை வீட்டு அடுக்களையில் ஜன்னலே கிடையாது. மேடையோ ரொம்பத் தாழ்வு. இத்தனை வருடமும் குனிந்தே சமைத்திருக்கிறாள். அங்கே தாளிப்பை விட முதுகுவலித் தைலம்தான் அதிகம் மணக்கும். செய்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுக்க ஸ்டாம்ப் டூட்டி கிடையாதே!

அடுத்தது பேரம். எங்கள் பக்கத்தில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் சோறு கிடைக்கும், மரியாதை கிடைக்காது. பேரம் என்றால் என்ன? குறை சொல்வதுதான். சாயங்காலம்தோறும் போய் அண்ணாச்சி கொடுத்த காப்பியைக் குடித்தபடியே அவர் வீட்டைப் பழித்தேன். தளம் ஒழுகுகிறது, வாசல் மேற்குப் பார்த்திருக்கிறது, மழை பெய்தால் தெருவில் தண்ணீர் கட்டுகிறது... நல்ல மனிதர். மூன்று லட்சம் குறைத்துக்கொண்டார். அதை அப்படியே கோமதியின் அடுக்களைக்கு ஒதுக்கிவிட்டு, எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன்.

அந்த மாலையைத்தான் பத்திர எழுத்தர் மெல்லக் கழற்றினார். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து நூற்றுக்கு ஒன்பது ரூபாய். இது தெரியும். எடுத்தும் வைத்திருந்தேன். தெரியாதது என்ன? நான் பேசி முடித்த விலைக்கு அல்ல, எங்கள் தெருவுக்கு அரசாங்கம் போட்டிருக்கும் வழிகாட்டி மதிப்புக்குக் கட்ட வேண்டும். என் விலை அதற்கும் ரொம்பக் கீழே! கூடவே வக்கீல் செலவு, வங்கிச் செலவு, பட்டா மாற்றும் செலவு. அரசாங்கம் காப்பி கொடுத்து உட்காரவைத்துப் பேரம் பேசுவதும் இல்லை.

இந்தத் தெருவுக்கா இவ்வளவு, இது என்ன தேரோடும் வீதியா என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த அண்ணாச்சிதான் பதில் சொன்னார்.

"ரோடு போடணும்னு மனு எழுதுனது யாரு? இப்படி ஒரு தெரு நெல்லையிலயே கெடையாதுன்னு பத்திரிகையில எழுதுனது யாரு? நீருதான வே."

பழைய வாசகர்களுக்கு அந்தப் பத்தி நினைவிருக்கலாம். எங்கள் தெருவைச் சிங்கப்பூரோடு ஒப்பிட்டிருந்தேன். அதைப் படித்து எந்த அதிகாரியும் மதிப்பை ஏற்றியிருக்க மாட்டார். என்னை அதிகாரிகள் படிக்கிறவர்களாக இருந்தால் ரோடு முன்பே வந்திருக்குமே? ஆனாலும் சுருக்கென்றது. நான் தெருவைப் பழித்ததை அண்ணாச்சி நம்பினார்; புகழ்ந்ததை அரசாங்கம் நம்பியது.

அடுக்களைப் பணத்தை எடுத்தால்தான் பத்திரம். எடுக்காவிட்டால் வீடும் போகும், அட்வான்ஸும் போகும். கோமதியிடம் எப்படிச் சொல்வது? அடுக்களை வாசலில் நின்று, நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அவள் அடுப்பைக் குறைத்து வைத்தாள்.

"வீட்டை எழுதிருங்க" என்றாள். "ஜன்னலு அங்கனதான இருக்கு. அதுக்குத் தனியா துட்டு கேக்க மாட்டாங்கள்லா?"

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசவாவது செய்திருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது... வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் பதிந்து, பாலும் காய்ச்சிக் குடிவந்தாயிற்று. மேடை அதே பழைய தாழ்ந்த மேடை. கோமதி இன்னும் குனிந்துதான் சமைக்கிறாள். குனிய வேண்டியவன் நான். ஆனால் அவ்வப்போது நிமிர்ந்து ஜன்னல் வழியே பார்க்கிறாள். அடுத்த வீட்டுக் கொய்யா மரம் தெரிகிறது. காலை வெயில் நேரே அவள் முகத்தில் விழுகிறது.

இந்த வாரம் அந்த ஜன்னலைப் பற்றித்தான் எழுதப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். கரண்டியோடு திரும்பினாள்.

"நல்லாருக்குன்னு மட்டும் எழுதிராதீய."

ஆகவே சொல்கிறேன்: அந்த ஜன்னல் வழியே பார்க்க ஒன்றுமே இல்லை.