ஐந்து பித்தளைப் பொத்தான்

வெள்ளைக்காரன் காலத்தில் நான் கொழும்பில் ஒரு கொம்பனிக்குச் சாம்பிள் பெட்டி தூக்கினேன். எங்கள் ட்ரவலர் கந்தையா ஐயா. மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் போய்க் கவ்வாத்துக் கத்தி விற்பவர். தேயிலைச் செடியை வெட்டிக் குறைக்கிற கத்தி அது. பெட்டி என் கழுத்தை முறிக்கும்.

முதல் பயணத்துக்கு ஜிந்துப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு, அவர் வீட்டுக்குப் போனேன். கடல் காற்றில் அந்த வீட்டுப் பூட்டெல்லாம் துருப்பிடித்திருந்தது. ஐயாவின் கோட்டில் மட்டும் ஒரு சுருக்கம் இல்லை. நாலு வாரப் பயணத்துக்கு அவர் எடுத்தது ஒரேயொரு சின்னத் தகரப் பெட்டி.

"சேட்டு ஒண்ணும் வைக்கலீங்களா ஐயா?"

"கழுத்துமட்டும் மூடின கோட்டுக்குள்ளை சேட்டு இருக்கோ இல்லையோ, ஆர் பாக்கிறது? பனியன் போதும்."

வெள்ளை ட்ரில் துணிக் கோட்டு மூன்று, கால்சட்டை மூன்று, ஊசிநூல், சவரக்கத்தி. பொத்தான் மட்டும் ஒரே செற், பித்தளையில் ஐந்து. பின்னால் வளையம் போட்டது. கோட்டு டோபிக்குப் போகும்போது அவற்றைக் கழற்றி அடுத்த கோட்டில் மாட்டவேண்டும். அது என் வேலை.

மூன்றாவது பயணம். அந்தத் தடவை ஒரு பெரிய தோட்டத்தின் ஓர்டர் கிடைக்காவிட்டால் ஐயாவுக்கு வேலை இல்லை என்று கொம்பனியில் சொல்லியிருந்தார்கள். ஹட்டனில் தங்கி, காலையில் வாடகைக் காரில் போனோம். தூசி படாமல் கோட்டை மடித்து மடியில் வைத்திருப்பார். தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குக் கிட்டத்தான் போடுவார். அப்படியே வாசல் வளைவில் இறங்கிப் போட்டார்.

பொத்தான் இல்லை. முந்தின நாள் டோபிக்குக் கொடுத்த கோட்டிலேயே விட்டுவிட்டேன். உள்ளே பனியன் தெரிந்தது. துரை சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

"ஐயா, நான் கெடுத்துட்டேங்க..."

"ஒப்பாரி பிறகு வை. ஊசியை எடு. என்னை உள்ளை வைச்சுத் தை."

நின்றபடியே நின்றார். கோட்டின் மேல்மடிப்பு ஓரமாய்த் தைத்தேன். அவசரத்தில் ஊசி அவர் நெஞ்சில் ஏறியது.

"குத்தினது பரவாயில்லையடா, கோட்டிலை இரத்தம் படாமல் பார்."

பங்களாவில் துரை சேட்டுக் கையை மடித்துவிட்டு நெருப்பண்டை உட்கார்ந்திருந்தார். கோட்டைக் கழற்றிவிட்டு வசதியாக உட்காரும் என்று இங்கிலீஷில் சொன்னார். வராந்தாவில் நின்ற எனக்கும் அது விளங்கியது.

ஐயா, வேலை முடியும்வரை தான் கோட்டைத் திறப்பதில்லை என்றார். நெற்றியில் வேர்வை, குரலில் ஒன்றும் இல்லை. துரை வேலைக்காரனைக் கூப்பிட்டுத் தன் கோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கத்தியைக் கையில் எடுத்தார். முழுத் தோட்டத்துக்கும் ஓர்டர் எழுதினார்.

இறங்கி வரும் வழியில் காரை நிறுத்தி, சாம்பிள் கத்தி ஒன்றால் அந்த நூலை அறுத்துவிட்டேன். ஐயா அப்போதுதான் மூச்சு விட்டார்.

"ஐயா, நான் நாளையிலேருந்து வரட்டுங்களா, வேணாங்களா?"

"வராட்டி என்னை ஆரடா தைக்கிறது?"

சாமானைக் குறைக்கலாம், நல்லதுதான். குறைத்தால், மிச்சம் இருப்பதை இரண்டு தரம் பார்க்கவேண்டும். அடுத்த பயணம் புறப்படும்போது ஐயா பெட்டியைத் திறந்து காட்டினார். பழையபடி ஒரே செற் பொத்தான்தான். பார்க்கிற வேலையையும் பழையபடி என்னிடமே விட்டிருந்தார்.