படையலில் வைத்த பாக்கெட்

எங்கள் வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் மடம். கல்யாணமாகாத இரண்டு ஆண்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? மலாக்காப் பக்கம் ஜாசின் சாலையிலிருந்து உள்ளே திரும்பி, செம்பனை மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் போனால் வரும் பழைய தோட்டக் குடியிருப்பு எங்களுடையது. முன்னறையில் அண்ணன், பின்னறையில் நான். அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் இல்லை. செம்பனைக் குலை வெட்டப் போன இடத்தில் எனக்கு மூத்தவர், அவ்வளவுதான். அவருக்குப் பாயா ரும்புட்டில் ஒரு தங்கச்சி குடும்பத்தோடு இருக்கிறது. எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளவும் ஆள் கிடையாது.

அண்ணன் பிடிப்பது கிரெத்தேக். கிராம்பு போட்டுச் சுற்றிய இந்தோனேசியா சிகரெட். இழுக்கும்போது படபடவென்று பொரியும், வாடை சட்டையை விட்டுப் போகவே போகாது. நான் சாதா சிகரெட் ஆள். வேலை முடிந்து குளித்ததும் வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவோம். பத்தவைத்தால்தான் எங்களுக்குப் பேச்சு வரும். மேனேஜரைத் திட்டுவது, எந்த மரத்தடியில் பாம்பைப் பார்த்தோம் என்பது, செத்துப்போன அம்மாக்களைப் பற்றி என்று எல்லாம் அந்தப் புகைக்குள்தான். சிகரெட் அணைந்தால் பேச்சும் அணைந்துவிடும். அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விடுவோம்.

அண்ணனுக்கு ஒரு முறை பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா எல்லோருக்கும் நடுவில் வைத்து, "சிகரெட்டு பழக்கம் உண்டா தம்பி?" என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்வதுதான் ஊர் வழக்கம். கல்யாணத்துக்குப் பிறகு பெண்டாட்டிக்குத் தெரிந்தால் போதும். அண்ணனோ ஆமாம் என்று சொன்னதோடு நிற்காமல், காபி வருவதற்குள் ஒன்று பிடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது பெண் உள்ளே போயிருந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் சிரித்துச் சிரித்து இருமுவார். எனக்கு மட்டும் அதில் சிரிக்க எதுவும் இருந்ததில்லை.

முதலில் மூச்சு முட்டியது எனக்குத்தான். குலையைத் தூக்கி வண்டியில் போடும்போது கண் இருட்டியது. ஜாசின் கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இப்படியே போனால் ஆக்ஸிஜன் சிலிண்டரோடுதான் நடமாட வேண்டியிருக்கும் என்று பட்டென்று சொல்லிவிட்டார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைப் பயமுறுத்தியது. மூச்சுக்குத் திணறிக்கொண்டு நான் கிடந்தால் தண்ணீர் கொடுக்க யார் வருவார்கள்? நிறுத்திவிட்டேன். உயிர் மேல் ஆசை, வேறு காரணம் இல்லை. மாதா மாதம் கிளினிக்குக்குப் போய் ஒரு சின்ன மெஷினில் ஊத வேண்டும். உள்ளே புகை போயிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

அண்ணனையும் கூப்பிட்டேன்.

"நான் நிறுத்தி யாருக்குடா காட்டப் போறேன்?" என்றார். "பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தா புடுங்கி எறிவா. புள்ள இருந்தா மூக்கப் பொத்தும். நமக்கு எவன் இருக்கான், சொல்லு."

"நான் இருக்கேன்ல."

"நீயா? நேத்து வரைக்கும் என்கிட்ட லைட்டர் கேட்ட ஆளு நீ."

அதற்குப் பிறகு அவர் வாசலில், நான் உள்ளே டிவி முன்னால். ஜன்னல் வழியாக அந்தப் பொரியும் சத்தம் கேட்கும். சும்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதே பெரிய பாடாக இருந்தது. இத்தனை வருஷம் ஒன்றாக இருந்த இரண்டு பேர், பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மாதிரி வெறுமனே உட்கார்ந்திருப்போம். பிறகு அவர் மார்பில் சளி கட்டி, மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை.

எட்டாம் நாள் துக்கத்துக்குத் தங்கச்சி எங்கள் வீட்டிலேயே வந்து சமைத்தது. ஆட்டிறைச்சிப் பிரட்டல், பொரித்த மீன், கண்ணாடிக் கிளாஸில் ஸ்டவுட் பீர். அண்ணன் படத்துக்கு முன்னால் வாழை இலை போட்டு எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் புதுக் கிரெத்தேக் பாக்கெட்டையும் பிரித்து வைத்தது.

"ஒண்ணு பத்தவச்சி வைங்கண்ணே. உங்களுக்குத்தான் தெரியும்," என்றது.

வாயில் வைத்து இழுத்தால்தான் சிகரெட் பற்றும். ஒரு இழுப்பு இழுத்தால் நான் எங்கே போய் நிற்பேன் என்று எனக்குத் தெரியும். நல்லவேளை, தங்கச்சியே சொல்லிவிட்டது. "வாயில வச்சிராதீங்கண்ணே, எச்சிலாயிரும். சூடத்துல காட்டுங்க." சூடத்தில் காட்டி, கையால் விசிறி, ஒரு வழியாகப் பற்றவைத்து ஓரமாக வைத்தேன். தானாகவே புகைந்து பொரிந்தது. தங்கச்சி அழுதது. நானும் அழுதேன்.

சாப்பாடு முடிந்ததும் எல்லோருக்கும் மிச்சத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். பாக்கெட்டை மட்டும் யார் எடுப்பது? தங்கச்சி புருஷனுக்குப் பழக்கம் இல்லை. பையன்கள் வேப் இழுக்கிற ஆட்கள், மாமா சிகரெட்டைக் கண்டாலே ஒதுங்கிப் போனார்கள். படைத்ததைக் குப்பையில் போடக் கூடாது.

"நீங்களே வச்சிக்குங்கண்ணே," என்றது தங்கச்சி. "நீங்கதான் நிறுத்திட்டீங்களே, பயமில்ல."

அவர்கள் கார் கிளம்பிப் போனதும் வீடு என்னைப் பிடித்துத் தின்ன ஆரம்பித்தது. முன்னறையில் இருமல் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால் மடித்துவைத்த கட்டில்தான் இருக்கும். இருமியது நானா அவரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். ஒரு சாயங்காலம் தாங்க முடியாமல் இரண்டு நாற்காலியையும் வெளியே போட்டேன். அடுப்பு நெருப்பில் ஒரு கிரெத்தேக்கைப் பற்றவைத்து, மில்க் டின் மூடியில் வைத்து, அவர் நாற்காலி மேல் வைத்தேன். வாயில் வைக்கவில்லை. சத்தியமாக வைக்கவில்லை. ஆனால் பேச்சு வந்துவிட்டது. புதுசாகக் குலை வெட்ட வந்திருக்கும் பங்களாதேஷ் பையன்கள், மழை, தங்கச்சி சமைத்த பிரட்டலில் உப்பு கம்மி என்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் நிறுத்தும் இடத்தில் அது பொரிந்தது. காற்றுதான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் அதுதான். புகை என் பக்கம் வந்தால் முகத்தைத் திருப்புவதில்லை. பிறகு அது எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து அந்தப் பக்கம் உட்கார ஆரம்பித்தேன். பாக்கெட் காலியானது. காலியான பாக்கெட்டுக்கு என்ன செய்வார்கள்? கடைக்குப் போனேன்.

"நிறுத்திட்டேன்னீங்களேண்ணே?" என்றார் கடைக்காரப் பெண்.

"எனக்கில்ல."

அவர் ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார். அதற்கப்புறம் நான் போய் நின்றாலே கிரெத்தேக்கை எடுத்து வைத்துவிடுவார். கதவையும் ஜன்னலையும் சாத்தி, முன்னறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டேன். வெளியே வைத்தால் பாதிப் புகை செம்பனைக்கே போய்விடுகிறது.

போன மாதம் கிளினிக்கில் புதிதாக ஒரு நர்ஸ் மிஸ்ஸி. நம் ஆள்தான், சின்னப் பெண். வழக்கம் போல ஊதினேன். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதுவரை அது எனக்குப் பச்சையை விட்டு மாறியதே இல்லை.

"அங்கள், திரும்ப ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்லம்மா. வாயில வைக்கவே இல்ல."

"அப்ப வீட்டுல யாராச்சும் பிடிக்கிறாங்களா?"

"அண்ணன்," என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"பக்கத்துல உக்காந்தாக்கூட உங்க நெஞ்சுக்கு ஆகாதுலா, அங்கள். அடுத்த தடவ அவரையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து நிறுத்தினா ஈசி."

சிரித்து மழுப்பலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

"அவரு வரமாட்டாரும்மா," என்றேன். "நான்தான் அவருகிட்ட போயிக்கிட்டு இருக்கேன்."

அந்தப் பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. எனக்கு அண்ணன் வேண்டும். ஆனால் சாகப் பிடிக்கவில்லை.

"அண்ணன் செத்துட்டாரும்மா," என்றேன். இத்தனை நாளில் அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. "வீட்டுல நான் மட்டுந்தான் இருக்கேன்."

இன்னொரு தடவை ஊதிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். இப்போது ஊதினாலும் அதேதான் காட்டும் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் மிஸ்ஸி புதுக் குழாய் ஒன்றைப் பிரித்து மெஷினில் மாட்டி, என் கையில் கொடுத்தது.